பொட்டலத்தில் பெயர் எழுதுங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டிக் கள்ளிமந்தயம் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். கம்பிப் பந்தலில் ஏறிய கொடிகளில் தீப்பிடித்தது போல் பூத்துக் கிடக்கும். பாடப் புத்தகத்தில் அது செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநிலப் பூ. பயிர் செய்கிறவர்களுக்கு அது கண்வலிக் கிழங்கு. ஆடிப் பட்டத்தில் கிழங்கை ஊன்றி, பூத்த பிறகு காலை வேளையில் ஆள் விட்டுப் பூப்பூவாகக் கையால் மகரந்தம் சேர்த்து, தை மாசியில் காய் பறித்து விதை எடுக்கிறார்கள். தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சி, வேதாரண்யம் என்று வேறு இடங்களிலும் இந்தப் பயிர் உண்டு. நல்ல ஆண்டில் விதை கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டி வெகுதூரம் போகும். விலை விழுந்த ஆண்டில் மூட்டையை வீட்டுக்குள் அடுக்கிவைத்துக்கொண்டு வியாபாரிக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். குறைந்தபட்ச விலை கேட்டு விவசாயிகள் மனுக் கொடுப்பது ஆண்டுதோறும் நடக்கிறது.

அந்த விதையில் இருப்பது கோல்ச்சிசின். 1820-இல் பிரான்ஸில் பெல்லெட்டியே, காவாந்து என்ற இரு வேதியியலாளர்கள் வேறொரு செடியிலிருந்து பிரித்தெடுத்த அதே பொருள். கால் கட்டைவிரல் வீங்கித் துடிக்கவைக்கும் கவுட் வாதத்துக்கு உலகம் முழுவதும் அதுதான் பழைய, நம்பகமான மருந்து. 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கவும் அதற்கு ஒப்புதல் தந்தது. மாத்திரையின் அளவு 0.5 மில்லிகிராம், ஒரு கிராமில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. சில ஆன்டிபயாடிக் மாத்திரைகளோடு, குறிப்பாகக் கிளாரித்ரோமைசினோடு சேர்த்துச் சாப்பிட்டால் இந்தச் சிறிய அளவே ரத்தத்தில் ஏறி ஆளைக் கொன்றிருக்கிறது. அதனால்தான் அந்த மாத்திரை அட்டையில் எவ்வளவு, எப்போது தயாரித்தது, எப்போது காலாவதி, எந்தத் தொகுதி என்று எல்லாம் அச்சிட்டிருக்கிறார்கள்.

அதே செடியின் கிழங்கு எந்த அட்டையும் இல்லாமல் வரப்பில் கிடக்கிறது. அதைத் தின்றவருக்கு முதல் நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். கெட்டுப்போன சாப்பாடு என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். இரண்டாம் மூன்றாம் நாளில் ரத்த அணுக்கள் சரியும். சிறுநீரகமும் இதயமும் ஒவ்வொன்றாக நிற்கும். பிழைத்தவர்களுக்குச் சில வாரங்களில் தலைமுடி கொத்தாக உதிரும். வேகவைத்தால் இந்த நஞ்சு போகாது. இலங்கையில் வற்றாளங்கிழங்கு என்று நினைத்து இதை அவித்துத் தின்று இறந்தவர்களைப் பற்றி அந்நாட்டு மருத்துவர்கள் பல முறை எழுதியிருக்கிறார்கள். நம் திருப்பத்தூர் மாவட்டத்தில் சில ஆண்டுகளுக்கு முன், உடம்புக்குத் தெம்பு தரும் என்று யூடியூபில் பார்த்து இந்தக் கிழங்கைத் தின்ற இளைஞர் இறந்த செய்தி நாளிதழ்களில் வந்தது.

சித்த மருத்துவத்திலும் இந்தக் கிழங்கு உண்டு. கலப்பைக் கிழங்கு, கார்த்திகைக் கிழங்கு என்று பெயர். அதைச் சுத்தி செய்யாமல் தொடக் கூடாது என்று கற்றவர்கள் சொல்வார்கள். அந்தச் சுத்தி முறையை இங்கே எழுதப் போவதில்லை. படித்துவிட்டு வீட்டில் முயன்று பார்க்கிற விஷயம் அல்ல அது.

மூலிகை பற்றி ஊரில் இரண்டே பேச்சுதான் கேட்கிறது. ஒன்று, “இலை தழைதானே, பக்கவிளைவு கிடையாது” என்பது. மற்றது, “நாட்டு மருந்தா? கிட்னி போய்விடும்” என்பது. இரண்டும் யோசிக்கச் சோம்பல்படுகிறவர்களின் பேச்சு. கோல்ச்சிசினைப் பொறுத்தவரை மருந்தும் நஞ்சும் ஒரே பொருள். எது, எவ்வளவு, யார் கொடுத்தது, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்குப் பதில் இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம். ஆங்கில மருந்துக் கடையில் இந்தப் பதில்கள் அட்டையிலேயே இருக்கின்றன. நாட்டு மருந்துக் கடையில் செய்தித்தாள் கிழித்துக் கட்டித் தரும் பொட்டலத்தில் ஒன்றும் இல்லை.

ஒட்டன்சத்திரம் இருக்கும் திண்டுக்கல் மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் பேச உரிமையும் கடமையும் உண்டு. கிழக்கே சிறுமலை; அனுமன் தூக்கிப் போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று நம்மவர்கள் சொல்லும் மலை. மேற்கே பழனி; போகர் பெயரைச் சொல்லி வைத்தியம் செய்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஊர். நடுவில் காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் கோ. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய அந்த அமைப்பின் குடும்பத்தைச் சேர்ந்த லட்சுமி சேவா சங்கம் சித்த, ஆயுர்வேத மருந்துகளைத் தயாரித்து விற்கிறது. இது போதாதென்று வேடசந்தூர், குஜிலியம்பாறைக் காடுகளில் ஆவாரை தானாக முளைக்கிறது. ஒரு காலத்தில் திண்டுக்கல் தோல் ஷெட்டுகளில் தோல் பதப்படுத்தப் பயன்பட்டது அந்த ஆவாரம்பட்டைதான். ஆவாரை பூத்த ஊரில் சாவு ஏது என்று கேட்கிற பழமொழியைச் சொல்லாத பாட்டி இங்கே இல்லை.

அந்தப் பாட்டிகளின் வைத்தியத்தில் ஒரு பாதுகாப்பு இருந்தது. செடியை வேரும் இலையும் பூவுமாகப் பார்த்துப் பறித்தார்கள். கடையில் வாங்கினாலும் சரக்கு முழுசாக இருந்தது: விரலி மஞ்சள், முழுக் கடுக்காய், முடிச்சு முடிச்சாகச் சீந்தில் தண்டு. கலப்படம் செய்தால் கண்ணுக்குத் தெரியும். இப்போது எல்லாம் பொடி. பழுப்பும் பச்சையுமான பத்து டப்பாவைத் திறந்து வைத்து, மூடியில் எழுதியிருப்பதை அழித்துவிட்டால், கடைக்காரரே முழிப்பார். பொடியில் இலைக்கு வடிவம் கிடையாது, வேருக்கு மணம் கொஞ்ச நாள்தான். மருத்துவக் குணம் பற்றி ஆயிரம் மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இந்த ஒரு மாற்றத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

பொடியால் என்ன நடக்கும் என்பதற்குப் பெல்ஜியம் சாட்சி. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலியும் சிகிச்சைக்குப் போன பெண்கள் சிலருக்குச் சிறுநீரகம் வேகமாகச் செயலிழந்தது. மருத்துவர்கள் தேடிப் பார்த்ததில், அவர்களுக்குக் கொடுத்த சீன மூலிகைப் பொடியில் ஒரு சரக்கு மாறிப்போயிருந்தது. ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு வேர்கள். ஒன்றுக்குப் பதில் மற்றது வந்துவிட்டது. வந்தது அரிஸ்டலோக்கியா குடும்பத்து வேர். 1993-இல் ‘லான்செட்’ இதழில் இது வெளியானது. கடைசியில் பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேரைத் தாண்டினார்கள். பலருக்கு டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம். சில ஆண்டுகள் கழித்து அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்தச் செடியில் உள்ள அரிஸ்டலோக்கிக் அமிலத்தை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

பிரஸ்ஸல்ஸ் எங்கோ இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. நம் கரிசல் காட்டு வரப்பில் மண்டிக் கிடக்கும் ஆடுதின்னாப்பாளையும், வேலியில் படரும் ஈஸ்வரமூலியும் அதே குடும்பம், அதே அமிலம். வயிற்றுப் பூச்சிக்கு, தோல் அரிப்புக்கு, விஷக்கடிக்கு என்று தலைமுறைகளாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். “எங்க தாத்தா காலத்திலிருந்து சாப்பிடுறோம், யாருக்கு என்ன ஆச்சு?” என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. தின்ற அன்றைக்கே வாந்தி எடுத்தால் தாத்தா கண்டுபிடித்திருப்பார். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துச் சிறுநீரகம் போனால், அதை அந்த இலையோடு யார் முடிச்சுப் போடுவது? அனுபவ அறிவு பெரிய அறிவுதான். சீக்கிரம் தெரியும் தீங்கை அது கண்டுபிடிக்கும். மெதுவாக வரும் தீங்கைக் கண்டுபிடிக்க நோயாளிகளின் கணக்கும் ஆய்வகமும் வேண்டும். அந்தக் கணக்கு வந்த பிறகும் பழைய வழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது நம் முன்னோருக்கு மரியாதை ஆகாது.

சீந்தில் கதையும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று வடக்கே வீட்டுக்கு வீடு சீந்தில் குடித்தார்கள். 2020-இன் கடைசி மாதங்களில் மும்பையில் ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பிறகு நாட்டின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரின் விவரத்தை வெளியிட்டன. ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அவர்கள் குடித்தது சீந்திலாக இருக்காது, அதைப் போலவே இருக்கும் வேறொரு கொடியாக இருக்கலாம் என்றது. அமைச்சகம் சொன்னதே சரி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அமைச்சகமே ஒப்புக்கொள்ளும் பிரச்சினை என்ன? சீந்தில் கேட்டவருக்குச் சீந்தில் கிடைக்கும் என்ற உத்தரவாதம் நாட்டில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. தயாரிக்க உரிமம் வேண்டும். மூலப்பொருள், செடியின் எந்தப் பாகம் என்பது வரை அட்டையில் போட வேண்டும். ஆனால் விற்கத் தனி உரிமம் தேவையில்லை. தன் நோயாளிக்குத் தானே மருந்து தயாரித்துத் தரும் வைத்தியருக்கு இந்தத் தடைகளிலிருந்து விலக்கும் உண்டு. ஊருக்கு ஒரு வைத்தியர், அவருக்கு எல்லோரையும் தெரியும் என்றிருந்த காலத்துக்கு அந்த விலக்கு பொருந்தும். நேற்று வந்து, பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் அறை எடுத்து மூட்டுவலிக்கு லேகியம் விற்றுவிட்டு நாளை போகிறவருக்கு அது எப்படிப் பொருந்தும்? மூன்றே நாளில் முட்டி வலி பறந்துவிட்டால், அந்த லேகியத்தில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். வலி போன பிறகு முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு நொறுங்கும்.

அந்தச் சட்டத்தின் விதிகளில் E(1) என்றொரு பட்டியல் உண்டு. நஞ்சுள்ள மூலப்பொருட்களின் பட்டியல் அது. எட்டி, ஊமத்தை, அலரி, குன்றி, நேர்வாளம் போன்றவற்றோடு நம் கண்வலிக் கிழங்கும் அதில் இருக்கிறது. இவை சேர்ந்த உள்மருந்தின் மேல், மருத்துவர் கண்காணிப்பில் மட்டும் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என்கிறது விதி 161. எந்த மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும். பாண்டி நாட்டிலும் கொங்கு நாட்டிலும் பிறந்து வளர்ந்த ஒரு வைத்திய முறையின் மருந்தை, குஜிலியம்பாறையில் ஒரு கூலித் தொழிலாளி வாங்கிப் போகிறார். இது நஞ்சு சேர்ந்த மருந்து, எச்சரிக்கை என்பதை அவருக்கு இந்தியில் சொல்கிறோம். மொழிக்காக இவ்வளவு போராடிய மாநிலத்தில் இது யார் கண்ணிலும் படாமல் போனது எனக்கு ஆச்சரியம்தான். பொட்டலமாக விற்கும் பச்சைச் சரக்குக்கு அந்த இந்தி எச்சரிக்கைகூடக் கிடையாது.

காலாவதித் தேதி என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, நாட்டு மருந்துக்கு ஏது காலாவதி என்று சிலர் கேட்கிறார்கள். சித்த மருத்துவமே பதில் வைத்திருக்கிறது. உள்மருந்து முப்பத்திரண்டு வகை, வெளிமருந்து முப்பத்திரண்டு வகை என்று பிரித்து, உள்மருந்துகளுக்கு ஆயுளும் குறித்திருக்கிறார்கள். சாறு, கற்கம், குடிநீர் (கஷாயம்) என்றால் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். சூரணம் மூன்று மாதம். இளகமும் நெய்யும் ஆறு மாதம். காலையில் காய்ச்சிய கஷாயத்தை பிரிட்ஜில் வைத்து ராத்திரி சுடவைத்துக் குடிப்பவர் நவீன மருத்துவத்தை மட்டுமல்ல, தான் நம்புவதாகச் சொல்லும் சித்தர்களையும் மீறுகிறார். மூன்று மாதம் தாண்டிய பொடியில் ஈரம் ஏறும், பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையின் நஞ்சும் கல்லீரலைத்தான் தேடிப் போகும்.

வீட்டு வைத்தியமே வேண்டாம் என்று சொல்லவில்லை. சளி, தொண்டைக் கரகரப்பு, செரியாமை, லேசான உடம்பு வலி இவற்றுக்குச் சுக்கு, மிளகு, ஓமம், சீரகம், மஞ்சள், துளசி, கற்பூரவல்லி போதும். சமையலறையில் இருப்பவை, அளவு நாக்குக்கே தெரியும். குடிநீர் வைப்பதற்கும் முறை உண்டு. ஒன்றிரண்டாக இடித்த பொடிதான் வேண்டும், மாவு மாதிரி அரைத்தது வேண்டாம்; வடிகட்டும்போது மாவு அடியில் தங்கி வயிற்றைப் புரட்டும். பெரியவர் ஒருவருக்கு 5 கிராம் பொடி; 240 மில்லி தண்ணீர்; மூடாமல் சிறுதீயில் 60 மில்லியாக வற்ற வேண்டும். மண்சட்டியோ எவர்சில்வரோ இருக்கட்டும், அலுமினியமும் ஈயம் பூசிய பாத்திரமும் வேண்டாம். வடிகட்டி, ஆறும்முன் குடித்துவிட வேண்டும். மிஞ்சியதைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

காய்ச்சல் காலத்தில் அரசே கொடுக்கும் நிலவேம்புக் குடிநீரும் இதே கணக்குதான். அதில் ஒன்பது சரக்கு. கபசுரக் குடிநீரில் பதினைந்து. 2017 டெங்குக் காலத்தில் ஆய்வு முடியாமல் நிலவேம்பு கொடுக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் சொல்லப் போய், ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அந்தச் சண்டையில் முக்கியமான ஒன்று காணாமல் போயிற்று. டெங்குவில் ஆபத்து, காய்ச்சல் விட்ட பிறகு வருகிறது. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது, குழந்தை சோர்ந்து கிடப்பது இவை தெரிந்தால் குடிநீரோ பப்பாளி இலைச் சாறோ எதற்கும் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே மருத்துவமனை. நிலவேம்பு குடித்தவரும் அப்படித்தான், குடிக்காதவரும் அப்படித்தான்.

ஆடாதோடை நம் சமவெளியில் வேலி ஓரச் செடி. இருமலுக்கு அதைவிட நல்ல இலை இல்லை என்பதற்கு மருந்துக் கடையே சாட்சி: இருமல் மருந்துகளில் இருக்கும் புரோம்ஹெக்சின், ஆடாதோடையின் வாசிசின் என்ற பொருளை மாதிரியாக வைத்துச் செய்ததுதான். இரண்டு மூன்று இலையை நடு நரம்பு நீக்கி, நாலு மிளகு தட்டிப் போட்டுக் காய்ச்சிக் குடிக்கலாம். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. கருப்பையைச் சுருங்கவைக்கும் குணம் அதற்கு உண்டு. இருமல் இரண்டு வாரம் தாண்டினால் ஆடாதோடையை நிறுத்திவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். காசநோயை இலை தாங்காது.

நொச்சி ஆவி பிடிப்பதில் இலையைவிடக் கொதிநீர் ஆபத்தானது. பாத்திரத்தை மடியிலோ கட்டிலிலோ வைக்காமல் தரையில் வையுங்கள். சிறு பிள்ளைகளுக்கு ஆவி பிடிக்கவே வேண்டாம்.

குழந்தை என்று வந்துவிட்டால் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது என்பது எல்லா மருத்துவர்களும் ஒப்புக்கொண்டது. ஆனால் பிறந்த பிள்ளைக்குச் சுக்கு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், வசம்பு உரைத்துத் தாய்ப்பாலில் குழைத்து ஊட்டும் உரைமருந்து இன்றும் நடக்கிறது. ஜாதிக்காய் அளவு மீறினால் பெரியவர்களுக்கே மயக்கமும் பிதற்றலும் வரும். வசம்பை உணவில் சேர்ப்பதை அமெரிக்கா 1968-இலேயே தடை செய்தது. அதன் எண்ணெயில் உள்ள ஒரு பொருள் எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியது. வேப்பெண்ணெய் இன்னும் மோசம். மலேசியாவில் இந்தியக் குடும்பங்களில் சிறு உடல்நலக் குறைவுக்கு வேப்பெண்ணெய் புகட்டிய குழந்தைகளுக்குச் சில மணி நேரத்தில் வாந்தி, மயக்கம், வலிப்பு வந்ததை 1981-இல் அங்குள்ள மருத்துவர்கள் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். நம் வழக்கம் கடல் தாண்டிப் போய் அங்கே பதிவானது. இங்கே பதியாமல் எத்தனை போயிற்றோ. மூக்கிலும் வாயிலும் எண்ணெய் ஊற்றிக் குளிப்பாட்டினால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். பூஜைக் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்து நெஞ்சில் தடவினால்கூடச் சிசுவுக்கு வலிப்பு வரலாம். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. இத்தனையும் பாசத்தால் செய்வதுதான். மருமகள் தயங்கினால் மாமியார் கோபித்துக்கொள்கிறார், அதற்காக ஒரு சங்கு மருந்து உள்ளே போகிறது.

பெரியவர்களில் முதலில் கவனிக்க வேண்டியவர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். ஆவாரம்பூ, வெந்தயம், சிறுகுறிஞ்சான் எல்லாம் சர்க்கரையைக் குறைக்கும் குணமுள்ளவை. அதனால்தான் ஆபத்து. மாத்திரையோடு சேர்ந்து அதிகமாகக் குறைத்து, விடியற்காலையில் வேர்த்து மயங்கி விழவைக்கும். தொண்டைக்கு இதமாக அதிமதுரம் மென்றுகொண்டே இருப்பவருக்கு ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். மலச்சிக்கலுக்கு நிலாவாரைப் பொடியைத் தினமும் சாப்பிட்டால் சில மாதங்களில் அது இல்லாமல் குடல் நகராது. டாக்டர் திட்டுவார் என்று மூலிகையை மறைப்பதும், வைத்தியர் கோபிப்பார் என்று மாத்திரையை மறைப்பதும் நம் ஊர் வழக்கம். இரண்டு பேரிடமும் இரண்டையும் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பதை நம்பாத வீடு கிடையாது. அதை முறையாகச் சோதித்துப் பார்த்ததும் தமிழ்நாடுதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர் ஹெபடைடிஸ்-பி கிருமி தங்கியவர்களுக்கு முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்து, 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று 1988-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பி வரவில்லை. செடி மாறியதா, மண் மாறியதா, பறித்த பருவமா என்ற விவாதம் முடியவில்லை. தோற்றாலும் அது நேர்மையான வேலை. மூலிகைக்கு அப்படி நூறு சோதனை நடக்க வேண்டும். இப்போதைக்கு, கண் மஞ்சளித்தால் முதலில் ரத்தப் பரிசோதனை. பித்தப்பைக் கல்லாலும் எலிக்காய்ச்சலாலும் காமாலை வரும். அவற்றுக்குக் கீழாநெல்லி மோர் கொடுத்துக் காத்திருந்தால் உயிர் போகும். பாம்புக் கடிக்குச் சிறியாநங்கை மெல்லுவதும், நாய்க்கடிக்குப் பச்சிலை கட்டுவதும் இதே கணக்கில் வரும். பாம்பு நஞ்சுக்கு நஞ்சுமுறிவு ஊசியும் வெறிநாய்க் கடிக்குத் தடுப்பூசியும் போட்டே ஆக வேண்டும். இரண்டும் அரசு மருத்துவமனையில் இலவசம்.

விளம்பரத்தைப் பற்றி ஒரே வார்த்தை. 1954-இலேயே மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆயுஷ் மருந்து விளம்பரங்களுக்கு முன் அனுமதி கேட்ட விதி 170-ஐ 2024 ஜூலையில் மத்திய அரசு நீக்கியது. அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நீக்கத்தை நிறுத்திவைத்தது; 2025 ஆகஸ்டில் அந்தத் தடையும் விலகியது. யூடியூப் வைத்தியர்கள் சட்டத்தையோ நீதிமன்றத்தையோ பற்றிக் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் அல்ல. திண்டுக்கல் மாவட்டத்தின் நாட்டு மருந்துக் கடைகளில் கட்டித் தரும் ஒவ்வொரு பொட்டலத்திலும் நாலு வரி தமிழில் இருக்க வேண்டும்: சரக்கின் பெயர், செடியின் எந்தப் பாகம், பொடி செய்த தேதி, E(1) பட்டியலில் இருந்தால் ‘நஞ்சுள்ளது, மருத்துவர் சொல்லாமல் உட்கொள்ளக் கூடாது’ என்ற எச்சரிக்கை. ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு பேனாவும் போதும். கடைக்காரர்களில் பெரும்பாலோர் சரக்கு தெரிந்தவர்கள், தலைமுறையாகத் தொழில் செய்பவர்கள். அவர்களுக்கு இது கௌரவம்தான். கலப்படக்காரருக்குத்தான் எழுதித் தரக் கை நடுங்கும். கண்வலிக் கிழங்கு விளையும் கிராமங்களில், விதை மூட்டையும் கிழங்கும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும் என்று தோட்டக்கலைத் துறை வீடு வீடாகச் சொல்ல வேண்டும். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும் அரசு மருத்துவமனைகளில் இருக்கும் சித்த மருத்துவப் பிரிவுகளும், மூலிகையால் வரும் பாதிப்புகளை ஒரே பதிவேட்டில் எழுதத் தொடங்கலாம். ஆயுஷ் மருந்துகளின் பக்கவிளைவைப் பதியும் தேசியத் திட்டம் 2018 முதல் இருக்கிறது. அதற்கு இங்கிருந்து தகவல் போக வேண்டும்.

விதி 161-இல் ‘அந்தந்த மாநில மொழியிலும்’ என்று சேர்க்கச் சொல்லித் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் மத்திய அரசைக் கேட்க வேண்டும். அது நடக்கும்வரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெயரும் தேதியும் எழுதாத பொட்டலத்தை வாங்காதீர்கள். எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எதையாவது தின்று வாந்தி எடுத்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். தின்றதில் மிச்சம் இருந்தால், இலையோ கிழங்கோ பொடியோ, அதையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.